டிஹெச்எஃபில் 20 பிபிஎம் தண்ணீர்: கூலோமெட்ரிக் கார்ல் ஃபிஷர் முறையில் அளப்பது எப்படி

சோடியமும் பென்சோஃபீனோனும் போட்ட டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) நீலமானால் அது உலர்ந்திருக்கிறது என்று தெரியும். எத்தனை பிபிஎம் (எடையில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) நீர் என்று தெரியாது. எண் வேண்டுமென்றால், செலவாகும் மின்னூட்டத்தை வைத்து நீரைக் கணக்கிடும் கூலோமெட்ரிக் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன்தான் நம்பகமான வழி. 10 மைக்ரோகிராம் நீரைக்கூட அந்தக் கருவி எண்ணிவிடும். பிழை பெரும்பாலும் சிரிஞ்சிலும் காற்றிலும்தான் நுழைகிறது.

அடிப்படை, 1935இல் கார்ல் ஃபிஷர் வெளியிட்ட வினை. ஆல்கஹாலும் காரமும் உள்ள கரைசலில் சல்பர் டை ஆக்சைடு முன்னிலையில் ஒரு மூலக்கூறு அயோடின் ஒரு மூலக்கூறு நீரைத் தீர்க்கும். கூலோமெட்ரியில் பியூரெட் கிடையாது. கரைசலில் இருக்கும் அயோடைடிலிருந்து ஆனோடிலேயே (நேர்மின்வாயில்) அயோடின் உண்டாகிறது. 1 மி.கி. நீருக்கு 10.71 கூலோம் மின்னூட்டம் செலவாகும். நீர் தீர்ந்து அயோடின் மிஞ்சியதும் இரட்டைப் பிளாட்டினக் கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தம் சட்டென்று விழும். அதுதான் முடிவுப் புள்ளி.

கலத்தைத் தயார் செய்தல்

டயாஃப்ரம் (இரு கரைசல்களைப் பிரிக்கும் நுண்துளைத் தடுப்பு) உள்ள கலமானால் வெளியே சுமார் 100 மி.லி. அனோலைட் (ஆனோடு பக்கக் கரைசல்), உள்ளே 5 மி.லி. கேதோலைட் (கேதோடு பக்கக் கரைசல்). கேதோலைட்டின் மட்டம் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும். உயர்ந்தால் அதிலுள்ள ஈரம் டயாஃப்ரம் வழியாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கும்.

கலக்கியை ஓடவிட்டு டிரிஃப்ட் (மாதிரி போடாதபோதும் கருவி நிமிடத்துக்கு எண்ணும் நீர்) இறங்கும்வரை காத்திருங்கள். நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சாதாரண வேலைக்குப் போதும். 50 பிபிஎம்முக்குக் குறைந்த மாதிரி என்றால் 5க்குக் கீழே வர வேண்டும், அதைவிட முக்கியமாக, ஆடாமல் நிற்க வேண்டும். 4இல் நிலையாக நிற்கும் டிரிஃப்டைக் கழித்துவிடலாம். 2க்கும் 6க்கும் இடையே அலைவதைக் கழிக்க முடியாது.

இறங்க மறுத்தால், முதலில் கலத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றி, மேல் சுவரில் ஒட்டிய ஈரத்தை அனோலைட்டால் கழுவுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். பிறகு பார்க்க வேண்டியவை: பலமுறை குத்தித் துளையான செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் மூடி), இணைப்புகளின் கிரீஸ், உலர்த்துக் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை. சல்லடையை 300 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைத்தால் மீண்டும் பயன்படும்.

மாதிரியைச் செலுத்துதல்

கலத்துக்குள் குறைந்தது 100 மைக்ரோகிராம் நீராவது போகும்படி அளவைத் தேர்ந்தெடுங்கள். 10 பிபிஎம் எதிர்பார்த்தால் 10 கிராம். 100 பிபிஎம் என்றால் 1 முதல் 2 கிராம்.

அடுப்பில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) ஆறவைத்த சிரிஞ்சும் நீண்ட ஊசியும் எடுங்கள். மாதிரியாலேயே இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். பிறகு இழுத்து, குமிழியை வெளியேற்றி, ஊசி நுனியைத் துடைத்து, சிரிஞ்சோடு எடை போடுங்கள். செலுத்தியபின் மறுபடி எடை. வித்தியாசம்தான் மாதிரியின் எடை. செலுத்தி முடித்ததும் பிஸ்டனைச் சற்றுப் பின்னிழுத்தால் நுனித்துளி செப்டத்தில் தங்காது.

குமிழி ஏன் இவ்வளவு முக்கியம்? 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் மி.லி.க்குச் சுமார் 21 மைக்ரோகிராம் நீர் இருக்கிறது. 20 பிபிஎம் உள்ள 5 கிராம் டிஹெச்எஃபில் மொத்தமே 100 மைக்ரோகிராம்தான். 1 மி.லி. காற்று உள்ளே போனால் விடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். கடலோர ஊர்களில் உள்ள ஆய்வகங்கள் இதை மறக்கவே கூடாது.

கணக்கு: கருவி காட்டியது 118 மைக்ரோகிராம், டிரிஃப்ட் நிமிடத்துக்கு 4, நேரம் 2.5 நிமிடம். 118லிருந்து 10 போக 108, அதை 5.00 கிராமால் வகுத்தால் 21.6 பிபிஎம். டிரிஃப்டைக் கருவியே கழிக்கிறதா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை கழித்துவிட வேண்டாம். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எண்கள் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் ஏறினால் பாட்டில் திறந்திருந்து ஈரம் ஏறுகிறது, அல்லது பக்கவினை நடக்கிறது.

எது ஏமாற்றும்

அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் மெத்தனாலோடு சேர்ந்து கீட்டாலாகும்போது நீரை உண்டாக்கும். முடிவுப் புள்ளி வராமல் இழுத்துக்கொண்டே போகும். மெத்தனால் இல்லாத, கீட்டோனுக்கென்றே விற்கும் ரீஏஜென்டை வாங்குங்கள். தயால்கள் (கந்தகம் கொண்ட சேர்மங்கள்) அயோடினைத் தின்று விடையை ஏற்றும்.

பெராக்சைடு இதற்கு நேர்மாறு, அதனால்தான் அதிக ஆபத்து. அயோடைடை அதுவே அயோடினாக்கிவிடுவதால் மின்னூட்டம் மிச்சமாகிறது. ஈரமான டிஹெச்எஃப் உலர்ந்ததுபோல் தெரியும். பழைய பாட்டில் என்றால் முதலில் பெராக்சைடு பட்டை வைத்துப் பாருங்கள். ஹெக்சேன் அனோலைட்டில் கலக்காமல் தனி அடுக்காக மிதக்கும். நீள்சங்கிலி ஆல்கஹால் சேர்த்த அனோலைட் தேவை.

தினமும் ஒரு ஆம்ப்யூல் (மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பி) தரக் கரைசலை, அதாவது நீரளவு முன்பே தெரிந்த கரைசலை, ஓட்டிப் பாருங்கள். 1.0 மி.கி./கி. தரக் கரைசலில் 97 முதல் 103 சதவீதம் கிடைத்தால் கையும் கருவியும் சரி.

டயாஃப்ரம் பழுப்பேறி டிரிஃப்ட் கெட்டால் அடர் நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைக்கலாம். அதற்குமுன் மெத்தனால் சொட்டுக்கூட மிஞ்சாதபடி தண்ணீரால் பலமுறை கழுவியே ஆக வேண்டும். மெத்தனாலும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கும். அமிலத்தை எடுத்தபின்னும் முதலில் நிறையத் தண்ணீர், அதன்பிறகே ஆல்கஹால். எல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து. கடைசியில் 70 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள்.