செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூட்டியில் தூங்கக் கூடாது, போனை நோண்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பழைய ஆட்கள் செய்து கெட்ட தவறுகளையே புது பேட்ச் பையன்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி இல்லாமல் கேட்டில் நிற்பது

தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005-ன்படி லைசென்ஸ் ஏஜென்சிக்கு. ஆனால் பயிற்சி உங்களுக்கு. மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பு 100 மணி நேரம், களப்பயிற்சி 60 மணி நேரம். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு சைட்டுக்கு அனுப்பும் ஏஜென்சியில் சேராதீர்கள்.

பிடித்தவரை அடைத்து வைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ராத்திரி பத்து மணிக்கு பார்க்கிங்கில் பைக் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தவனைப் புது கார்டு ஒருவர் கையும் களவுமாகப் பிடித்தார். நல்ல வேலை. உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். "காலைல செக்ரட்டரி சார் வரட்டும்" என்று ஜெனரேட்டர் ரூமில் போட்டுப் பூட்டினார். நடுவில் பிவிசி பைப்பால் நாலு அடி, "யார்டா உன் கூட்டாளி?" என்று விசாரணை வேறு.

விடிந்து வந்த எஸ்.ஐ. முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குய்யா புடிச்ச?" ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. பிடிபட்டவனின் முழங்கை வீங்கிக் கிடந்தது. கார்டு மேலும் வழக்கு. "நாங்களா அடிக்கச் சொன்னோம்?" என்று ஏஜென்சி ஒதுங்கிக்கொண்டது. வக்கீல் பீஸுக்கு அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது.

சீருடை போட்டதால் நமக்குத் தனி அதிகாரம் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 40ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்குத் தருவதுதான் நமக்கும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்தால் பிடிக்கலாம். தேவையில்லாத தாமதம் இல்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். அந்த ஆறு மணி நேரம் நாம் விசாரிப்பதற்காகக் கொடுத்தது என்று சில சூப்பர்வைசர்களே சொல்லித் தருகிறார்கள். சுத்தப் பொய். சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 127ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

சூப்பர் மார்க்கெட்டில் நிற்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளும் திரும்பி வந்துவிட்டது என்றால், வாரண்ட் இல்லாமல் போலீசே கைது செய்ய முடியாது. சோப்புக்கட்டியை ஒளித்த பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க நமக்கு ஏது உரிமை?

112-க்கு அடியுங்கள். நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதுங்கள். போலீஸ் வரும்வரை நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே நில்லுங்கள்.

போலீஸ், ராணுவம் போல உடுத்துவது

தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், பிரிவு 21: ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்து.

சிசிடிவி காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

அதே சட்டத்தின் பிரிவு 18 தடுக்கிறது, வேலையை விட்டு நின்ற பிறகும். குடியிருப்பவரே கேட்டாலும் சூப்பர்வைசரைக் கை காட்டுங்கள்.