ஒரே தரை, இரண்டு வகைச் செல்கள்: மேட்ரிக்ஸ் பூசி வளர்த்துப் பார்ப்பது எப்படி?

தசைச் செல்லையும் புற்று செல்லையும் மேட்ரிக்ஸ் புரதம் பூசிய குழிகளில் வளர்த்துப் பார்க்கும் இந்தச் சோதனையை முதன்முதலில் செய்தபோது, கொலாஜன், லாமினின், ஃபைப்ரோநெக்டின் என்ற மூன்று புரதங்கள் பூசிய குழிகள், எதுவும் பூசாத குழி என்று நான்கிலும் செல்கள் ஒரே மாதிரி வளர்ந்து என் முகத்தில் கரியைப் பூசின. தப்பு செல்லில் இல்லை, நான் ஊற்றிய மீடியாவில், அதாவது செல் வளர்க்கும் சத்துத் திரவத்தில். அது மூன்றாம் படியில் வரும்.

மேட்ரிக்ஸ் என்பது செல்கள் தாமே சுரந்து தம்மைச் சுற்றி நெய்துகொள்ளும் புரத வலை. இன்டெக்ரின் என்ற புரதங்களைக் கை போல நீட்டி செல் அதைப் பிடித்துக்கொள்கிறது. எதைப் பிடித்தோம், அது கெட்டியா குழைவா என்ற சேதி உள்ளே போகிறது, பிரிவதா நகர்வதா சும்மா இருப்பதா என்பது அதையும் பொறுத்துத்தான். தசை நாரைச் சுற்றி லாமினின் உறை போல இருக்கும். லாமா2 என்ற மரபணு பழுதாகி அந்த லாமினின் சரியாக அமையாவிட்டால் பிறவியிலேயே தசைச்சிதைவு நோய் வருகிறது.

படி 1: செல்கள். தசைக்கு சி2சி12 என்ற எலி செல், புற்றுக்கு எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்று செல். இரண்டுக்கும் 10 சதவீதம் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) கலந்த டிஎம்இஎம் என்ற மீடியா, 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சி2சி12 தட்டில் 70 சதவீதத்துக்கு மேல் நிரம்ப விடவே கூடாது. நெருக்கம் கூடினால் சில செல்கள் அங்கேயே ஒன்றோடொன்று இணைந்து தசை நாராகிவிடும், அப்புறம் அடுத்தடுத்த தட்டுகளில் உங்களிடம் மிஞ்சுவது இணையத் தெரியாத கூட்டம்தான்.

படி 2: பூச்சு. 24 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 1.9 சதுர சென்டிமீட்டர். குழிக்கு 0.3 மில்லி திரவத்தில் கொலாஜன் 10 மைக்ரோகிராம், ஃபைப்ரோநெக்டின் 5, லாமினின் 4 போதும். கொலாஜனை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையுங்கள், மற்ற இரண்டையும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில். லாமினினை ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாகத்தான் உருக வைக்க வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டும். ஃபைப்ரோநெக்டினை வேகமாகக் குலுக்கினால் வெள்ளை வெள்ளையாக நூல் பிரியும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு மணி நேரம் கழித்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பிபிஎஸ்ஸால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கொலாஜன் குழியில் அமிலம் தங்கினால் செல் செத்துப்போகும்.

படி 3: விதைப்பு. இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். சீரத்துக்குள்ளேயே ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டின் என்ற இன்னொரு ஒட்டும் புரதமும் இருக்கின்றன, அவை வெறும் பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆக நீங்கள் ‘பூசாத குழி’ என்று எழுதி வைத்திருப்பது உண்மையில் பூசிய குழி. அதனால் செல்களைச் சீரம் இல்லாத மீடியாவில் போட்டு, ஒரு மணி நேரம் ஒட்ட விட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டு, அதன் பிறகு சீரம் சேருங்கள். தசைச் செல் குழிக்கு 40,000, புற்று செல் 20,000.

படி 4: மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். லாமினின் மேல் சி2சி12 இரு முனையும் கூர்த்து நெல்மணி போல நீளும், ஃபைப்ரோநெக்டின் மேல் அப்பளம் போலப் பரந்து கிடக்கும். எண்ணுவதற்கு முன் இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், பின்னால் எடுக்க முடியாது.

படி 5: எண்ணுவது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது. புற்று செல்லை 1ஆம், 3ஆம் நாள் ட்ரிப்சின் என்ற புரதம் அறுக்கும் நொதியைப் போட்டுக் கிளப்பி எண்ணலாம். தசைச் செல்லுக்கு அதிகம் பிரிவது மட்டும் வெற்றி ஆகாது, பிரிவதை நிறுத்தி ஒன்றோடொன்று இணைந்தால்தான் தசை நார். குழி நிரம்பியதும் 2 சதவீதம் குதிரைச் சீரத்துக்கு மாற்றி, ஐந்தாறு நாள் கழித்து உட்கருக்களுக்குச் சாயம் போடுங்கள். நார்களுக்குள் இருக்கும் உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுத்தால் இணைவு விகிதம்.

புற்று செல்லின் எண்ணிக்கையில் குழிக்குக் குழி பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். எந்தப் பூச்சானாலும் அடியில் இருப்பது கல் மாதிரியான பிளாஸ்டிக், உடம்பில் எந்த மென்திசுவும் அவ்வளவு கெட்டி கிடையாது. 1997இல் வேலரி வீவர், மினா பிஸ்ஸெல் என்ற ஆய்வாளர்கள் மார்பகப் புற்று செல்களை மேட்ரிக்ஸ் ஜெல்லுக்குள் வளர்த்து, பீட்டா-1 என்ற வகை இன்டெக்ரினை ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் புரதம்) தடுத்தார்கள். மரபணு மாற்றங்கள் அப்படியே இருக்க, செல்கள் ஒழுங்கான உருண்டைகளாக அடங்கின. பிளாஸ்டிக் தட்டில் இதெல்லாம் கண்ணில் படாது.

ஆகவே அடுத்த சுற்றுக்கு மேட்ரிஜெல் என்ற மேட்ரிக்ஸ் ஜெல். எலியின் சார்கோமா கட்டியிலிருந்து எடுப்பது அது, புற்றே போட்டுக்கொடுத்த தரை. முந்தைய இரவே ஐஸில் புதைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், பைப்பெட் முனைகளையும் தட்டையும் கூடவே குளிர வையுங்கள். 10 டிகிரி தாண்டினாலே இறுகத் தொடங்கும், சூடான முனையில் உறிஞ்சினால் பாதி உள்ளேயே நின்றுவிடும், விலையோ உங்கள் கைடு கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்கு இருக்கும்.