ஹாஸ்டலுக்குக் கிளம்புறீங்களா? பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

முதல்லயே சொல்லிடறேன், படிப்பு முடியற வரைக்கும் தேவைப்படுறதை எல்லாம் ஒரே நாள்ல தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு பத்து பதினஞ்சு நாள் ஓட்டுற மாதிரி பேக் பண்ணா போதும், அதுக்குள்ள ரூம் எவ்ளோ பெருசு, அலமாரில எத்தனை தட்டு, துணி துவைக்க என்ன வசதின்னு எல்லாம் தெரிஞ்சிடும், மிச்சத்தை அப்பறம் பாத்து வாங்கிக்கலாம். வீட்ல ஆளாளுக்கு "இதையும் வெச்சுக்கோ"ன்னு திணிப்பாங்க, அதுல பாதி கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துட்டு வருஷக் கடைசில பிரிக்காமலே வீடு திரும்பும்.

பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, ஹாஸ்டல் ரூல்ஸை முழுசா படிங்க. இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் இதெல்லாம் நிறைய இடத்துல தடை, கொண்டு போய் வார்டன்கிட்ட பறிகொடுக்கறதுக்கு வீட்லயே விட்டுட்டுப் போறது நல்லது. ரெண்டாவது, ரூம்மேட் யாருன்னு தெரிஞ்சிருந்தா ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுக்கோங்க, ஒரு ரூமுக்கு ரெண்டு துடைப்பமும் மூணு குப்பைக் கூடையும் எதுக்கு?

இப்ப கரண்ட் விஷயம். என்னைக் கேட்டா ஹாஸ்டல்ல உண்மையான சண்டையே ப்ளக் பாயிண்டுக்குத்தான். உங்க பங்குக்கு ஒண்ணோ ரெண்டோதான் கிடைக்கும், அதுவும் கட்டில் ஒரு பக்கம் பாயிண்ட் இன்னொரு பக்கம்னு இருக்கும். அதனால நீளமான வயர் இருக்கிற எக்ஸ்டென்ஷன் போர்டு ஒண்ணு கட்டாயம் வேணும் (ரூல்ஸ்ல அனுமதி இருக்கான்னு பாத்துட்டு), சர்ஜ் ப்ரொடெக்டர் (கரண்ட் திடீர்னு எகிறினா சாமான் கெடாம காப்பாத்துறது) இருக்கிறதா வாங்குங்க. வாங்கும்போது பின்னாடி திருப்பி எத்தனை ஆம்பியர் எத்தனை வோல்ட்னு போட்டிருக்கறதைப் பாருங்க, ரெண்டையும் பெருக்கினா எத்தனை வாட் தாங்கும்னு வந்துடும். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 65 வாட் பக்கம்தான் இழுக்கும், போன் அதைவிடக் கம்மி, ஆனா ஒரு கெட்டில் மட்டுமே 1500 வாட் வரைக்கும் இழுக்கும், அதனாலதான் வார்டனுக்கு அதைப் பாத்தாலே கோபம் வருது. ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனை மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, சூடேறி தீப்பிடிக்கிறது அப்படித்தான். பவர் பேங்க் 20,000 எம்ஏஹெச் போதும், ஃப்ளைட்ல போறவங்க அதை கையில எடுத்துட்டுப் போற பைல வைங்க, செக்-இன் பெட்டில வைக்கக் கூடாது.

அடுத்தது பூட்டு. சின்ன விஷயம்தான் ஆனா நிறைய பேர் திண்டுக்கல் பூட்டு மாதிரி பெருசா ஒரு பூட்டை வாங்கிட்டுப் போவாங்க, அங்க போய்ப் பாத்தா அதோட வளையம் அலமாரி நாதாங்கி ஓட்டைல நுழையவே நுழையாது. தடிச்ச வளையத்துல ஒண்ணு, மெல்லிசா ஒண்ணுன்னு ரெண்டு சைஸ்ல கொண்டு போங்க. ஸ்பேர் சாவியை அதே அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடாதீங்க ப்ளீஸ்.

படுக்கைக்கு, கட்டில் நீளம் அகலம் கேட்டுட்டு அப்பறம் பெட்ஷீட் வாங்குங்க, இடத்துக்கு இடம் அளவு மாறும். ரெண்டு செட் போதும், ஒண்ணு விரிச்சிருக்கும், ஒண்ணு துவைக்கப் போயிருக்கும். மெத்தைக்கு ஜிப் வெச்ச கவர் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது, உங்களுக்கு முன்னாடி அதுல எத்தனை பேர் படுத்தாங்களோ. ரூமுக்குப் போனதும் பெட்டியைக் கட்டில் மேல வைக்காம, முதல்ல போன் டார்ச் அடிச்சு மெத்தை ஓரத் தையலைப் பாருங்க, மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி, அப்பவே போய்ச் சொல்லி மெத்தையை மாத்திக்கோங்க. காதுக்கு வைக்கிற இயர் ப்ளக், கண்ணுக்குக் கட்டுற மாஸ்க், இது ரெண்டும் சும்மா ஷோக்கு இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் போட்டுப் படிக்கிற ரூம்மேட் அமைஞ்சா புரியும்.

துணி பத்தி பெருசா ஒண்ணுமில்ல, உள்ளாடை மட்டும் தாராளமா எடுத்துக்கோங்க, மத்ததெல்லாம் ரெண்டு தடவை போட்டுக்கலாம். அழுக்குத் துணிக்குக் காத்து போற வலைப்பை, கொஞ்சம் கயிறு, கிளிப், சீக்கிரம் காயற மெல்லிசு டவல் ரெண்டு. பொது பாத்ரூம்னா ரப்பர் செருப்பு தனியா வேணும், ஈரத் தரைல வெறுங்காலோட நடந்தா சேத்துப்புண் ஈசியா ஒட்டிக்கும். சோப்பு ஷாம்பு எடுத்துட்டுப் போக அடியில ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் கூடை வாங்குங்க, தண்ணி தேங்காது.

நீங்க ரெகுலரா சாப்பிடுற மருந்து இருந்தா டாக்டர் சீட்டோட ஒரு மாசத்துக்கு எடுத்துக்கோங்க. அதோட காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ் பாக்கெட், பேண்டேஜ், தெர்மாமீட்டர். மாத்திரையைப் பிரிச்சு டப்பால கொட்டாதீங்க, அட்டையோட இருந்தாதான் பேரும் எக்ஸ்பைரி தேதியும் தெரியும். சர்டிபிகேட் ஒரிஜினல் எதெல்லாம் கேட்டிருக்காங்களோ அது மட்டும் போதும், மத்தது ஜெராக்ஸ், கூடவே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்லயும் போட்டு வைங்க.

கடைசியா ஒரு சின்ன பை தனியா கட்டுங்க: சார்ஜர், பெட்ஷீட், டவல், பிரஷ், மாத்து டிரஸ், தண்ணி பாட்டில், பூட்டு, பேப்பர்ஸ். போன அன்னிக்கு ராத்திரி பெரிய பெட்டியைப் பிரிக்கத் தெம்பு இருக்காது, இந்தப் பை ஒண்ணே போதும். ஆனா சாமானை உள்ள இறக்குறதுக்கு முன்னாடி காலி ரூமை நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, உடைஞ்ச கொக்கி, சுவத்துக் கறை, ஆடுற நாற்காலி எல்லாம் அதுல விழணும், இல்லன்னா காலி பண்ணும்போது அதுக்கெல்லாம் உங்க டெபாசிட்ல கழிச்சிடுவாங்க.