ஹலோவீன் உடுப்பு வாங்கப் புறப்படுமுன்: ரொறொன்ரோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஒக்டோபர் பிறந்ததும் அயல் வீட்டு வாசல்களில் எலும்புக்கூடுகளும் சிலந்திவலைகளும் தொங்கத் தொடங்கும். பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையும் தனக்கு என்ன வேடம் என்று கேட்கத் தொடங்கிவிடும். சுடலைப் பக்கம் போய் வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு, பிள்ளைக்குப் பேய் வேடம் போட்டு இரவில் வீடு வீடாக அழைத்துச் செல்வது முதலாண்டில் மனத்துக்கு ஒவ்வாமல்தான் இருக்கும். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், ஒக்டோபர் 31 அதன் முன்னிரவு, அதுவே ஹலோவீன். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2இல் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தத் தொடர்ச்சி புதிதல்ல. வேடம் போடுவதும் காயில் முகம் செதுக்கி விளக்கேற்றுவதும் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து குடியேறிகளுடன் வட அமெரிக்காவுக்கு வந்தவை. இன்று இது பெரும்பாலும் பிள்ளைகளின் கொண்டாட்டம். விருப்பமில்லாதவர்களை எவரும் வற்புறுத்துவதில்லை.

நடைமுறை எளியது. ரொறொன்ரோவில் அன்று மாலை ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும். வாசல் விளக்கு எரியும் வீடுகளுக்கு மட்டும் சென்று, "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்று சொல்லி, கொடுக்கும் இனிப்பை வாங்கி, நன்றி கூறிவிட்டு நகர வேண்டும். விளக்கு அணைந்திருக்கும் வீட்டின் மணியை அடிக்கக்கூடாது. அடுக்குமாடிகள் பலவற்றில், பிள்ளைகளை வரவேற்கும் வீட்டு எண்களின் பட்டியலைக் கீழ்த்தளத்தில் ஒட்டியிருப்பார்கள். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள், வாசல் விளக்கைப் பற்றி மேல்வீட்டாருடன் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பணமும் மனமும் நோவது உடுப்பில்தான். ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர், தமது முதல் இலையுதிர்காலத்தில், வணிக வளாகமொன்றில் இந்தப் பருவத்துக்கென்றே திறக்கப்பட்டிருந்த தற்காலிகக் கடையில், ஆறு வயது மகனுக்கு முகமூடியும் பிளாஸ்டிக் வாளும் சேர்ந்த போர்வீரன் உடுப்பை ஏறத்தாழ அறுபது டொலருக்கு வாங்கினார். ஊரில் தீபாவளிக்கு எடுப்பதுபோல் உடம்போடு வைத்து, அளவு பார்த்துத்தான் வாங்கினார். அடுத்த வாரம், முகமூடியும் விளையாட்டு ஆயுதமும் வகுப்புக்கு வரக்கூடாது என்று பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. ஹலோவீன் இரவிலோ ஐந்து பாகை குளிர். மெல்லிய பொலியெஸ்டர் துணிக்குள் ஜாக்கெட்டைத் திணித்தபோது முதுகுத் தையல் பிரிந்தது. வேறு வழியின்றி ஜாக்கெட்டை மேலே போட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தது கறுப்புக் காற்சட்டையின் கால்கள் மட்டுமே. கதவு திறந்த ஒவ்வொரு வீட்டிலும் "நீ என்ன வேடம், தம்பி?" என்ற பொருளில் அன்பாகத்தான் கேட்டார்கள், மூன்றாவது வாசலிலேயே பையன் அழத் தொடங்கிவிட்டான். மறுநாள் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்று சிட்டையின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். குளிர்நாட்டில் குளிருக்கு இடமில்லாத உடுப்பைப் பிள்ளைகளுக்கு விற்பவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஆகவே பாடசாலையின் கடிதம் வரும்வரை பொறுத்திருங்கள். சில பாடசாலைகள் வேடமே வேண்டாம், செம்மஞ்சளும் கறுப்பும் உடுத்து வந்தால் போதும் என்று சொல்லிவிடுவதும் உண்டு. உடுப்பு எடுக்கும்போது பிள்ளையின் அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாக, ஜாக்கெட்டுக்கு மேல் போடக்கூடியதாக எடுங்கள். ஆனால் நீளம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும், இல்லாவிட்டால் இருட்டில் தடுக்கி விழும். பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதிலாக முகத்தில் வர்ணம் பூசலாம். கறுப்பு உடுப்பென்றால் வாகன ஓட்டிகளின் கண்ணில் படும்படி ஒளிதெறிக்கும் நாடா ஒட்ட வேண்டும். திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதைப் பணம் செலுத்துமுன் வாய்விட்டுக் கேளுங்கள். வால்யூ வில்லேஜ் போன்ற பழைய பொருட் கடைகளில் நல்ல உடுப்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எதுவும் வாங்காமலும் சமாளிக்கலாம்: குளிர்க் காற்சட்டைக்கு மேல் சரிகை வேட்டி, ஜாக்கெட்டுக்கு மேல் சால்வை, தலையில் மட்டைக் கிரீடம் என்று யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனாகப் போன பிள்ளையொன்றை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் அப்படி இன்னொரு வேடம் இருக்கவில்லை.

நீங்கள் கொடுக்கும் பக்கம் என்றால், ஆலையில் பொதி செய்து மூடிய இனிப்புகளை மட்டும் கொடுங்கள். 2024இல் தீபாவளியும் ஒக்டோபர் 31இலேயே வந்தது. வீட்டில் பலகாரம் நிறைந்திருக்கையில் கடைச் சொக்கலேற்றைக் கொடுப்பது நமக்கு உறுத்தும். ஆனாலும் முன்பின் தெரியாத வீட்டின் பயற்றம் பணியாரத்தை இங்குள்ள பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள். அதைத் தெரிந்த அயலவருக்கென எடுத்து வையுங்கள். கச்சான், எள் ஒவ்வாமையுள்ள பிள்ளைகள் பலர் இருப்பதால், கச்சான் கலவாத சிறு சொக்கலேற் பெட்டியே பாதுகாப்பானது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால், அந்த வீட்டில் உணவல்லாத பென்சில், ஒட்டுப்படம் போன்றவை கிடைக்கும். பிள்ளை கொண்டுவரும் பையைச் சாப்பிடுமுன் கொட்டிப் பாருங்கள். சைவ வீட்டினர் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேட வேண்டும். இழுபடும் இனிப்புகள் பலவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் உண்டு.

முகம் செதுக்க விற்கும் பெரிய பூசணியைக் கறிக்கென வாங்க வேண்டாம். அது நார்த்தன்மையும் நீருமாக, சுவையின்றி இருக்கும். செதுக்கிய பூசணியை மெழுகுதிரியை அகற்றிவிட்டுப் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடலாம். நவம்பர் 1 காலையில் மிஞ்சிய உடுப்புகள் பாதி விலைக்கு வரும். அடுத்த ஆண்டுக்கான உடுப்பை, பிள்ளையின் வளர்ச்சியையும் ஜாக்கெட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, அன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.