ஓவியக் கண்காட்சியில் ஆணி எங்கே அடிப்பது?

சின்ன ஊர்களின் சமுதாயக் கூடங்களில் நம் ஓவியர்கள் படம் வைக்கும்போது அடிக்கடி நடக்கிற தவறு, படங்களை மிக உயரத்தில் மாட்டிவிடுவது. வீட்டில் வாசற்காலுக்கு மேலே சாமி படம் மாட்டிப் பழகிய கை அது. பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் தீட்டிய நுணுக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை.

படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும். பல அருங்காட்சியகங்களில் இதுதான் வழக்கம். ஆணிக்கான கணக்கு எளிது. படத்தின் பாதி உயரத்தை 57-உடன் கூட்டுங்கள். பின்புறக் கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து சட்டத்தின் மேல் விளிம்பு வரை அளந்து அதைக் கழியுங்கள். 24 அங்குலப் படம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால், 57 + 12 − 3 = 66. சரி, அங்கே ஆணியை அடிக்கலாம்.

நீர்வண்ணப் படங்களை வெயில் விழும் சன்னலுக்கு எதிரே வைக்கவே வைக்காதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்பக்கம், கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன கார்க் துண்டு ஒட்டினால் இடையில் காற்று போய்வரும்.

அப்புறம், பெயர்ச்சீட்டில் விலையையும் எழுதிவிடுங்கள். ஆசைப்பட்டும், கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய.