வடிகானை வாவிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பில் பெருமழை கொட்டுவது நவம்பர், டிசம்பரில்தான். அதனால் ஒழுங்கை வடிகானை எல்லோரும் கூடித் துப்புரவாக்கும் சிரமதானத்தைப் புரட்டாதி முடிவதற்குள் வைத்துவிடுங்கள்.

பலரும் முதலில் தங்கள் வாசலில்தான் வெட்டத் தொடங்குகிறார்கள். அது தவறு. மேலே வெட்டிவிட்டுக் கீழே அடைபட்டுக் கிடந்தால், உங்கள் வளவுத் தண்ணீர் முழுவதும் பள்ளத்து வீட்டுக்காரரின் அடுப்படிக்குள் போய் நிற்கும். தண்ணீர் வாவியில் விழும் வாயைத்தான் முதலில் திறக்க வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள்.

படலைகளுக்குக் கீழே புதைத்த குழாய்களை மறக்க வேண்டாம். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். பொலித்தீன் பைகளும் தென்னம்பாளையும் மணலோடு இறுகிக் கிடக்கும். நீண்ட மூங்கிலால் இரு பக்கமிருந்தும் குத்தித் தள்ளுங்கள்.

அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே இறக்கிவிடும். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தை ஒரு கிழமைக்கு முன்பே உள்ளூராட்சி சபையில் கொடுத்து, சிரமதானத்தன்றே சேற்றை ஏற்றிப்போக உழவு இயந்திரப் பெட்டி வரும்படி கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் வாங்கி வையுங்கள்.

முதியவர்களை அவசியம் அழையுங்கள். பழைய வாய்க்கால் எந்த மதிலுக்கடியில் போனதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.