ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பாகங்களா? மெஷ் போடும் முன்

ஓசூர் சிப்காட் பக்கம் பிராக்கெட், ஹவுசிங் என்று வரைந்து தள்ளும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. அலுமினியத் தகடும் ஸ்டீல் பின்னும் ஒரே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், மெஷ் போடும்போது (வலிமைக் கணக்குக்காகப் பாகத்தை எலிமென்ட் எனும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும்போது) சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்காவிட்டால்தான் வம்பு: அந்த இடத்தில் இரண்டு மெஷ் விழுந்து எடை இரட்டிப்பாகக் கணக்காகும்.

யூனியன் (இரண்டையும் ஒரே பாகமாக இணைப்பது) போடாதீர்கள், எல்லை அழிந்துவிடும், தனித்தனி மெட்டீரியல் கொடுக்க முடியாது. ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேரில் ‘பூலியன் ஃப்ராக்மென்ட்ஸ்’ கொடுத்து, மோடை ‘காம்ப்சாலிட்’ (முகங்களைப் பகிர்ந்துகொள்ளும் துண்டுகளின் தொகுப்பு) ஆக்குங்கள். சலோமே சாஃப்ட்வேரில் இதற்குப் பெயர் ‘பார்ட்டிஷன்’. தகடு, பின், இரண்டுக்கும் பொதுவான துண்டு என்று பிரியும். தொடும் முகம் ஒன்றே ஆவதால் நோடுகள் (எலிமென்ட்களின் மூலைப் புள்ளிகள்) தானாகப் பொருந்தும். பொதுத் துண்டு ஸ்டீலா அலுமினியமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

0.01 மி.மீ. மாதிரி தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததை இப்படி வெட்டினால் காகிதம் போல மெல்லிய துண்டுதான் மிஞ்சும், எலிமென்ட் எண்ணிக்கை எகிறும். அதை ஸ்கெட்சிலேயே திருத்துங்கள். பிரஸ் ஃபிட் புஷ்ஷுக்கு (துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து அழுத்திச் செருகும் உருளைக்கு) இந்த வழியே வேண்டாம். நோடுகள் ஒட்டிக்கொள்ளும், இறுக்கத்தின் அழுத்தம் வராது. அங்கே கான்டாக்ட்தான், அதாவது முகங்கள் ஒன்றையொன்று அழுத்துவதைக் கணக்கிடும் அமைப்பு.

வெட்டிய பிறகு துண்டுகளின் கன அளவைக் கூட்டுங்கள். பழைய கூட்டுத்தொகையில் பொதுப் பகுதியை ஒருமுறை கழித்தால் அதே எண் வர வேண்டும்.